வெர்லின் ஸ்விகம் சம்மன் கைசேர்த்த படலம்

வாழ்க வெர்லின்! அழைப்புமணி அழுத்தியழுத்தித் தேய்ந்த ஆள்காட்டி விரலோன்; அயலார் நாய்கள் அனைத்தும் ஒருமுறையேனும் சுவைத்த கெண்டைக்காலன்; முன்வாசலில் நின்றால் பின்வாசலால் ஓடுவர் என்றறிந்து பின்வாசலில் நிற்க, அதை அறிந்த அவர்கள் முன்வாசலால் ஓட, இரண்டுக்கும் நடுவே குப்பைத்தொட்டியின் பின்னே பதுங்கும் பெருங்கலை பயின்றோன்; பிறர் வழக்கைப் பிறர் கையில் சேர்ப்பதே பிறவிப் பயனெனக் கொண்டோன்; லிண்டால் கவுண்டி என்னும் மாவட்டத்தில் சம்மன் கொடுக்கும் சீரிய தொழிலோன், சிறுதொந்தியன், செம்முகத்தன், வெர்லின் ஸ்விகம் வாழ்க, வாழ்க!

அவனைப் பாடுமுன் உன்னை வணங்குகிறேன், மினசோட்டா மாநிலத்து உரிமையியல் நடைமுறை விதிகளுள் நான்காவதாய் வீற்றிருக்கும் நாயகியே! பிற நாடுகளில் வழக்கு நீதிமன்றத்தில் பிறக்கிறது. உன் நாட்டிலோ எதிராளியின் கையில் பிறக்கிறது. சம்மன் என்னும் அத்திருத்தாள் அவன் உள்ளங்கையைத் தொடும் கணம்வரை வழக்கென்று ஒன்று இவ்வுலகில் இல்லை. அதற்குள் காலக்கெடு கடந்துவிட்டாலோ, அது பிறவாமலே போய்விடும். அம்மணி, உன் சட்டம் கடுமையானது. ஆனால் பிழைப்புக்கு வழி செய்த சட்டம் என்பதால் வெர்லின் உன்னைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இனிப் போருக்கான காரணம். புனித யோவான் தேவாலயத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் தலைவி, எழுபதைத் தாண்டிய மார்லிஸ் ஈகர் என்னும் மூதாட்டியின் வீட்டுக்கு டுவேன் குச்செரா புதுக்கூரை போட்டான். முதல் மழையில் நீர் சொட்டியது. மார்லிஸ் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினாள். நீரும் சுவரோரம் வந்தது. கூடத்துக்கு இழுத்தாள், அங்கும் வந்தது. இறுதியில் அக்கட்டில் சமையலறையில், குளிர்பெட்டிக்கும் அடுப்புக்கும் இடையே தஞ்சம் புகுந்தது. தொலைபேசியில் அழைத்த போதெல்லாம் டுவேன், அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்றான். அடுத்த வாரம் என்பது அவன் அகராதியில் வானவில்லின் அடி போன்றது. மற்றவற்றுக்கு நான் சிரிப்பேன். வயதான ஒருத்தி தன் சொந்த வீட்டில் படுக்க இடமின்றி அலைந்ததற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டுவேனின் திறத்தையும் கூற வேண்டும், பகைவன் ஆயினும். வழக்குகள் பல கண்டு விதிகளை வேதம்போல் மனப்பாடம் செய்தவன் அவன். மார்லிஸின் வக்கீல் முதலில் தபாலில் சம்மனை அனுப்பி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டுத் தருமாறு பணிவோடு கேட்டார். டுவேன் உறை பிரிக்கா நோன்பு நோற்பவன். வீட்டிலிருக்கும் வயதும் விவேகமும் உடைய ஒருவரிடம் கொடுக்கலாம் என்றும் விதி இரங்கியிருந்தது. டுவேனோடு குடியிருந்தது ஒரு நாய். விவேகத்தில் அது அவனுக்குக் குறைந்ததன்று, வயதுதான் போதவில்லை. ஆகவே டுவேனின் கையிலேயே சம்மனைச் சேர்க்கும் பொறுப்பு வெர்லினிடம் வந்தது.

இந்நிலையில் தலைநகராம் செயின்ட் பாலில் நீதிபதிகளும் வக்கீல்களும் கூடிய விதித்திருத்தக் குழுவொன்று, இனிச் சம்மனை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றொரு முன்மொழிவைக் கையிலெடுத்தது. மாநிலக் குழு, கூட்டாட்சி நீதிமன்றக் குழு என்ன செய்கிறது என்று பார்த்திருந்தது. கூட்டாட்சிக் குழுவோ மாநிலங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்திருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மதிய உணவுக்குக் கலைந்தனர். பொதுமக்கள் கருத்துக் கூறும் நாளில் வெர்லின் தன் ஒரே கோட்டை அணிந்து சென்று ஒலிபெருக்கிமுன் நின்றான். அவன் முழங்கியது இது:

"ஒருத்தர் மேல கேஸ் போடறோம்னா அது சின்ன விஷயம் இல்லீங்க. ஒரு மனுஷன் வந்து, முகத்தைப் பாத்து, கையில குடுக்கணும். குப்பை அஞ்சலுக்கும் சம்மனுக்கும் வித்தியாசம் வேணாமா?"

அவை நடுங்கவில்லை; நன்றி என்று சொல்லி அடுத்தவரை அழைத்தது. ஆயினும் வெர்லின் வென்றவனாகவே ஊர் திரும்பினான். திரும்பியவனை மார்லிஸ் தன் சமையலறைக் கட்டிலில் அமர வைத்து, மெல்ல ஒரு கேள்வி கேட்டாள்.

"மின்னஞ்சல்ல அனுப்ப விட்டிருந்தா, என் கூரை எப்பவோ சரியாயிருக்குமில்ல வெர்லின்?"

நாய்க்கடிக்கு அஞ்சாத நெஞ்சம் அக்கேள்விக்கு அஞ்சியது. பதிலாக அவன் ஒரு சூளுரைத்தான். காலக்கெடு முடியும் வெள்ளிக்கிழமைக்குள், தன் கையாலேயே, டுவேனின் கையிலேயே சம்மனைச் சேர்ப்பேன். சேர்க்காவிட்டால் இத்தொழிலை விட்டுவிட்டு, மின்னஞ்சலே மேல் என்று அக்குழுவுக்கு நானே எழுதிக்கொடுப்பேன் என்றான். மார்லிஸ் தலையாட்டிவிட்டு வாளியைக் காலி செய்யப் போனாள்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, டுவேன் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குக் கால்நடைக்கும் பண்டத்துக்கும் போட்டி நடக்கும் ஆண்டுக் கவுண்டிச் சந்தை.

ஆஹா, அச்சந்தையின் சிறப்பை என்னென்பேன்! பன்றிகள் சீப்பால் வாரப்பட்டு நிற்கும். பொரித்த பாலாடைக்கட்டியின் நெய்மணம் பார்லிமணத்தோடு பொருதும். விதைக்கம்பெனித் தொப்பியணிந்த ஆடவர் ஆயிரவர் ஒருவரைப்போல் ஒருவர் உலவுவர். அத்தொப்பிக் கடலுள் டுவேனும் ஒரு தொப்பியாய் மறைந்திருந்தான். வந்தது ஏனெனில், அவன் நெஞ்சின் மென்மையான இடம் வெள்ளரி ஊறுகாய். சதகுப்பையும் பூண்டும் இட்டு அவன் போடும் ஊறுகாய்க்குச் சென்ற ஆண்டு முதற்பரிசான நீல நாடா கிடைத்திருந்தது. இவ்வாண்டு முடிவு கேட்கும் வேட்கை, கூரைமேல் அஞ்சாத அவனைத் தரைக்கு இழுத்து வந்தது. ஊறுகாய்ப் பந்தலின் தூணருகே வெர்லின் காத்திருந்தான், கொக்கு மீனுக்குக் காத்திருப்பதுபோல.

நடுவர் அம்மையார் அறிவித்தார். முதல் பரிசு வேறொருவருக்கு. டுவேனுக்கு இரண்டாம் பரிசு. உப்புச் சற்று மிகுதி என்ற குறிப்போடு. அக்கணம்வரை உலகில் எவராலும் கண்டுபிடிக்க முடியாதிருந்தவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்தான்.

"உப்பு ஜாஸ்தியா? யார் சொன்னது உப்பு ஜாஸ்தின்னு? இன்னொரு தடவை தின்னு பாத்துச் சொல்லுங்க."

அந்தோ, ஊறுகாயால் வெளிப்பட்டான்! வெர்லின் சட்டைக்குள்ளிருந்து சம்மனை உருவினான், உறையினின்று வாளை உருவுவான்போல். உருவியதை டுவேன் கண்டான். கண்டதும் ஓடினான்.

ஓடினான் டுவேன், ஆட்டுக்கொட்டிலின் ஊடே. தொடர்ந்தான் வெர்லின், ஆடுகள் இருவரையும் அசைபோட்டபடி நோக்க. பாய்ந்தான் டுவேன், முயல்கூண்டு வரிசையைச் சுற்றி. வளைந்தான் வெர்லின், வளைந்ததில் இடுப்புப் பிடித்துக்கொள்ள ஒருகணம் நின்று மீண்டும் வளைந்தான். கறவைமாடுகளைப் போட்டிக்குமுன் குளிப்பாட்டும் தளத்தில் டுவேன் சோப்புநுரையைத் தாண்டிக் குதித்தான். அவனினும் கனத்த வெர்லின் குதிக்கவில்லை, வழுக்கினான். மலை சாய்ந்தது. நுரை எழுந்தது. ஒரு கறவைமாடு திரும்பிப் பார்த்து, தன் குளியலுக்கு இடையூறு என்று தலையை உலுக்கியது. ஆனால் கேளுங்கள், உலகத்தீரே: விழும்போதும் சம்மனேந்திய கரம் மட்டும் நுரைக்கு மேலே நிமிர்ந்தே நின்றது. காகிதம் நனையவில்லை.

எழுந்து நொண்டிச் சென்றவன் கண்டது, சந்தைத் திடலிலேயே இருந்த தேவாலயத்துச் சாப்பாட்டுக் கூடத்துள் டுவேன் புகுந்ததை. அக்கூடத்துக்கு ஒரே வாசல். அங்கே ஒரு வரிசை. இந்நிலத்து மாந்தர் எதையும் பொறுப்பர். பனிப்புயலைப் பொறுப்பர், கொசுவைப் பொறுப்பர். வரிசையில் இடைபுகுவோரை மட்டும் பொறார். பொறாததை வாயால் சொல்லவும் மாட்டார், பெருமூச்சு விடுவர். அப்பெருமூச்சுக்கு அஞ்சாத வீரன் இம்மாநிலத்தில் பிறந்ததில்லை. ஆகவே உயிர்தப்ப ஓடிவந்த டுவேனும் வரிசையின் கடைசியில் அமைதியாய் நின்றான். அவனுக்குப் பின் நால்வர் வந்து நின்றனர். அவர்களுக்குப் பின், நுரை சொட்ட, வெர்லினும் நின்றான்.

இப்படித்தான் அப்பெரும் துரத்தல் ஓரடி ஓரடியாக நகர்ந்தது. ஒருவர் மசித்த உருளைக்கிழங்கு கேட்க ஓரடி; இன்னொருவர் குழம்பு வேண்டாம், இல்லை கொஞ்சம் போதும் என்று எண்ணி முடிக்க ஓரடி. முன்னே செல்லவும் முடியவில்லை, முன்னே செல்பவனைப் பிடிக்கவும் முடியவில்லை. பொறுக்க மாட்டாத வெர்லின் தன்முன் நின்றவரிடம் சம்மனை நீட்டி, அந்தத் தொப்பிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்று வேண்டினான். தாள் கைமாறிக் கைமாறி முன்னேறியது. டுவேனின் பின்னே நின்ற பால்பண்ணைக்காரர் அதை நீட்டினார். டுவேன் இரு கைகளையும் பாக்கெட்டுக்குள் புதைத்து உத்தரத்தை ஆராய்ந்தான். வற்புறுத்துதல் அநாகரிகம் எனக் கருதிய அந்நல்லவர், டுவேனைத் தாண்டிக் கையை நீட்டிப் பரிமாறும் மேடையில் அதை வைத்துவிட்டு, இது யாருடையதோ என்றார்.

மேடைக்குப் பின்னே நின்றது மார்லிஸ். அத்தாளில் தன் பெயரைக் கண்டாள். எதிரே டுவேனைக் கண்டாள். ருபார்ப் என்னும் புளிப்புத்தண்டு சேர்த்த கேக்கைப் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். தட்டின் அடியில் சம்மனை வைத்தாள். இரண்டையும் சேர்த்து நீட்டினாள். ருபார்ப் கேக்குக்காகப் பாக்கெட்டைவிட்டு வெளிவராத கை இம்மாவட்டத்தில் இல்லை.

வரிசையின் வாலிலிருந்து இதைக் கண்ட வெர்லின், வேண்டாம் என்று அலறினான். அலறலோடு வாயில் சோப்புநுரையும் இருந்ததால் ஒரு குமிழி மட்டுமே வெளிவந்தது.

"சம்மன் குடுத்தாச்சு டுவேன். இனிமே கூரையைப் பாரு," என்றாள் மார்லிஸ்.

டுவேன் தட்டின் அடியைப் பார்த்தான். முதலில் வெளிறினான். பின்னர் அவன் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது, மனப்பாடம் செய்தவன் முகத்தில் தெரிந்த கேள்வி வந்தால் மலர்வதுபோல. அப்போதே அவன் வெளியே போயிருக்கலாம். வாசல் திறந்திருந்தது, மாலையும் நெருங்கிவிட்டது, வீட்டுக்குப் போய்க் கதவடைத்தால் வழக்கு செத்தது. போகவில்லை. இடக்கையில் கேக்கும் வலக்கையில் சம்மனுமாக வரிசை நெடுகத் திரும்பி நடந்து, வெர்லின் முன் வந்து நின்று, ஊர் கேட்கச் சொன்னான்:

"இந்தா, உன் காகிதத்தை நீயே வச்சுக்கோ. மார்லிஸ் கேஸ் போட்டவங்க. கேஸ் போட்டவங்க தன் கையால குடுத்தா செல்லாது. நாலாவது விதி. தொழில் செய்யறவன் நீ, நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கு பாரு."

மார்லிஸின் கையிலிருந்த கரண்டி மெல்லத் தாழ்ந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

டுவேன் நீட்டிய தாளை வெர்லின் வாங்கிக்கொண்டான். ஓரத்தில் ஒட்டிய கேக் துணுக்கைத் துடைத்தான்.

"நீ சொன்னது சரிதான் டுவேன். அது செல்லாது," என்றான். பின்பு, நீட்டிய நிலையிலேயே இன்னும் திறந்திருந்த டுவேனின் வலக்கையில் அத்தாளை வைத்து, அவன் விரல்களைத் தன் ஈரக்கையால் மெல்ல மடக்கினான். "இது செல்லும். நான் கேஸ் போடலை பாரு."

 டுவேன் தாளைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான், தாளை மறுபடி பார்த்தான். பால்பண்ணைக்காரர் நெடுநேரம் யோசித்து, சரி அப்போ, என்றார். இம்மாநிலத்தில் வெற்றிமுரசம் அவ்வளவு உரக்கத்தான் ஒலிக்கும்.

பிறந்தது வழக்கு! இனி என்னென்ன நிகழுமோ! பதிலுரை என்னும் கேடயம் உயரும். ஆவணம் கோரும் அம்புகள் இருபுறமும் பறக்கும். சாட்சியம் பதிவோர் படைபடையாய் வருவர். வக்கீல்கள் வக்கீல்களை மறுப்பர், மறுத்ததை மறுப்பர். மேல்முறையீடு மேல்முறையீட்டைப் பெறும். மாநிலமும் கூட்டாட்சியும் அதிரும். செயின்ட் பால் குழுவும் இச்செய்தி கேட்டு மின்னஞ்சல் முன்மொழிவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கும். வெர்லின் ஸ்விகத்தின் வலக்கரத்தைப் பின்வரும் தலைமுறைகள் பாடிப் பாடி வாய் ஓயும் என்று, அன்று நுரையும் நொண்டலுமாய்ச் சந்தையினின்று வீடு திரும்பிய அப்பெருவீரனோடு உடன்நடந்த நான் எண்ணி எண்ணிப் பூரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டுவேன் ஏணியோடு மார்லிஸ் வீட்டுக்கு வந்து, நீர் ஒழுகிய புகைபோக்கி ஓரத்தில் ஒரு தகட்டை மாற்றினான். மார்லிஸ் ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.