வசந்தியின் ராணி சிக்கிய நாள்

தோற்றுவிட்டுச் சிரித்தபடி கை குலுக்கும் ரகம் இல்லை நான். அதுவும் என்னைத் தோற்கடித்தது நாத்தனார் என்றால், அன்றைக்கு வைக்கும் சாம்பாரிலேயே அது தெரிந்துவிடும்.

கொட்டிவாக்கத்தில் இருக்கும் வசந்தி என் கணவரின் தங்கை. நானும் அவளும் கைப்பேசியில் செஸ் ஆடுவோம். ஆளுக்கு மூன்று நிமிடம்தான். முதலில் நேரம் தீர்ந்தவர் அவுட். இரண்டு வருடமாகத் தோற்றது நான். ஜெயித்தவுடன் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சிரிப்பு பொம்மை போடுவாள். (ஒரு வார்த்தைகூட எழுத மாட்டாள். அதுதான் இன்னும் எரியும்.)

ஒரு நாள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, பயிற்சியை ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில், மேற்கு மாம்பலத்துச் சமையலறையில், இட்லி வேகும் நேரத்தில் தினமும் செஸ் புதிர்கள். ஆட்டத்தைத் தொடங்க ஒரே ஒரு வழி. வேறு எதையும் தொடுவதில்லை. தோற்ற ஆட்டங்களை மறுபடி ஓட்டிப் பார்த்து, எங்கே சொதப்பினேன் என்று நோட்டில் எழுதினேன். நோட்டு பத்தே நாளில் நிரம்பியது. (இட்லி கல்லான நாட்களைப் பற்றி என் கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆனால் நான்காவது மாதம் வசந்தியை வரிசையாக மூன்று முறை ஜெயித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் குடியிருப்பின் ஆண்டு விழாவில் செஸ் போட்டி என்று தெரிந்ததும், நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளலாம் வா என்று குழுவில் எழுதினேன். மாமியார் உட்பட மொத்தக் குடும்பமும் கட்டைவிரலை உயர்த்தியது.

நேரில் ஆடும் போட்டியில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் வைப்பார்கள். காயை நகர்த்தியதும் அதன் பொத்தானை அமுக்கினால்தான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். கைப்பேசியில் இந்த வம்பே கிடையாது. எல்லாம் தானாக நடக்கும். அமுக்க மறக்காதே என்று கணவர் காரில் மூன்று முறை சொன்னார். நான் என்ன குழந்தையா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

பன்னிரண்டு முறை ஒழுங்காக அமுக்கினேன். பதின்மூன்றாவது முறை குதிரையைத் தூக்கி வைத்தேன். வசந்தியின் ராணி சிக்கிக்கொண்டது. எந்தப் பக்கம் போனாலும் வெட்டு. பூரித்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

வசந்தி அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்தாள். பின்னாலிருந்து என் கணவர் இருமினார். கொஞ்சம் விட்டு மறுபடி இருமினார். திரும்பி முறைத்து, வெந்நீர் குடிக்கச் சொன்னேன். ஓரமாக நின்ற மைக் செட்காரர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். என் ஆட்டம் அவரையும் இழுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வசந்தியைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது.

“பதறாம யோசி, வசந்தி. டைம் இருக்கு,” என்றேன்.

“சரி அண்ணி,” என்றாள்.

கடிகாரம் கத்தியது. எழுந்து நின்றேன். நடுவர் வசந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இன்னாக்கா, இவ்ளோ நேரம் ஓடிக்கினு இருந்தது உங்க டைமு,” என்றார் மைக் செட்காரர்.

வசந்தியைப் பார்த்தேன். “சொல்லக் கூடாதுன்னு ரூல், அண்ணி,” என்றாள்.

திரும்பும்போது அடையாறு சிக்னலில் கணவரிடம் வெடித்தேன்.

“புரியற மாதிரி இருமியிருக்கலாம்ல?”

“இதுக்கு மேல எப்படிம்மா இருமறது?” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது மறந்தால் யாரும் சொல்வதில்லை, இருமுகிறார்கள். பால் பொங்கினால் கணவர் இருமுவார். மூக்குக்கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு தேடினால் மகள் இருமுவாள். போன வாரம் எங்களோடு இருக்கும் மாமியார் விடாமல் இருமினார். அடுப்பைப் பார்த்தேன், மோட்டாரைப் பார்த்தேன், வாசல் கதவைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அரை மணி கழித்துத்தான் அவருக்கு நிஜமாகவே சளி என்று தெரிந்தது.