முதலாளிகள் கேன் ஏற்றிய படலம்

வாழ்க நம் தலைவன்! காற்புள்ளி காக்கும் காவலன், ஒற்றெழுத்துக்கு உற்ற துணைவன், பத்தியும் பத்தியும் மோதும் படைக்களத்தில் சிவப்புப் பேனா ஏந்திச் சலியாது நின்ற செருவெல் வீரன், தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் சட்டநூல்களையும் வரிநூல்களையும் அட்டை முதல் அட்டை வரை வாசித்தும் சொந்த வரியைக் கட்ட இன்னொருவரைத் தேடி ஓடும் வித்தகன், எங்கள் பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர், ஊரார் ‘கமா அண்ணன்’ என்றழைக்கும் அந்தத் தொந்திசால் தோன்றலின் புகழைப் பாடப் புகுந்தேன். முறைப்படி முதலில் கடவுள் வாழ்த்து வரவேண்டும். எந்தக் கடவுளை வாழ்த்துவது என்று பங்குதாரர்களாகிய நாங்கள் இன்னும் ஒருமனதாக முடிவெடுக்காததால், அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

முன்னொரு காலத்தில் இந்தப் பதிப்பகத்துக்கு ஒரே ஒரு முதலாளி இருந்தார். வக்கீல்களும் தணிக்கையாளர்களும் வந்தவரைப் பயமுறுத்துவதற்காக மேசைமேல் அடுக்கிவைக்கும் தடித்தடிக் கைநூல்களை அச்சிட்டே தலை நரைத்த அப்பெருந்தகை, பெற்ற மகளே “இந்தப் புத்தக மூட்டையெல்லாம் எனக்கு வேணாம்ப்பா” என்று கைகழுவிவிட்ட பின், வெளியாருக்கு விற்கவும் மனம் வராமல், கம்பெனியை எங்களுக்கே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார். பிழை திருத்துகிறவர், கணக்கு எழுதுகிறவர், பக்கம் அமைக்கிறவர், பார்சல் கட்டுகிறவர் எல்லோரும் ஒரே பொழுதில் முதலாளிகள் ஆனோம். ஒருவரை ஒருவர் “வாங்க மொதலாளி” என்று கூப்பிட்டுச் சிரித்தோம். அதுவரை முதலாளியைக் கண்டால் வேலையாட்களுக்குப் பயம். அன்றிலிருந்து வேலையைக் கண்டால் முதலாளிகளுக்குப் பயம்.

மறுநாளே தண்ணீர்க் கேன் காலியாகும் தறுவாய்க்கு வந்தது. அதுநாள்வரை கேனைத் தூக்கி மாற்றியவர் அலுவலக உதவியாளர். இப்போது அவரும் முதலாளி. அவர் கேனை ஒரு பார்வை பார்த்தார், எங்களை ஒரு பார்வை பார்த்தார், “எல்லா மொதலாளிங்களும் கலந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்க” என்று நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பொதுக்குழு கூடியது. உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் உட்பிரிவு எழுதிப் பழகிய கைகள் அல்லவா, மதியச் சாப்பாட்டையும் தள்ளிவைத்து விவாதித்து, ‘கடைசித் தம்ளர் தண்ணீரைக் குடிப்பவர் எவரோ அவரே அடுத்த கேனை ஏற்றக் கடவர்’ என்று ஒரு சட்டம் இயற்றினோம். கைதட்டி முடிப்பதற்குள் அதில் இருந்த ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டோம். கடைசித் தம்ளரைக் குடித்தால்தானே தூக்க வேண்டும்? அன்று தொடங்கி, பாம்பு காக்கும் புதையல்போல, கேனின் அடியில் எப்போதும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பாரற்றுக் கிடந்தது. நாங்கள் நாவறண்டு அதைச் சுற்றி நடந்தோம். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தவர்கள் அதைக் கைக்குழந்தைபோல மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். விவரம் தெரியாமல் வந்து குடித்த நூலாசிரியர் ஒருவர், சட்டம் வாசித்துக் காட்டப்பட்டுக் கேனைத் தூக்கினார். அடுத்த நூலை வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

தூக்கினால்தான் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். சட்டம் அச்சிடுகிறவர்களுக்கு முன்னுதாரணம் என்றாலே பயம். ஒருமுறை தூக்கியவனே மறுமுறையும் தூக்குவான் என்றாகிவிடும். கமா அண்ணனுக்கு அதற்கும் மேலே ஒரு பயம் இருந்தது. அவர் மாமியார் வீட்டில் இத்தனை காலமும் அவரை “புக்கு கம்பெனியில ஏதோ வேலை பாக்கறார்” என்றுதான் சொல்லி வந்தார்கள். பங்கு கைக்கு வந்த பிறகுதான் மாமியார், அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி, “எங்க மாப்பிள்ளை கம்பெனி மொதலாளி” என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அண்ணன் இப்போதெல்லாம் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினார். கேனைத் தூக்கினால் அந்தச் சொல் தோளிலிருந்து இறங்கிவிடும் என்று உண்மையாகவே நம்பினார், பாவம்.

விதி மாத்திரை வடிவில் வந்தது. மாத்திரையை முதலில் வாயில் போட்டுக்கொண்டு பிறகு தண்ணீர் தேடுவது அண்ணன் வழக்கம். அன்று நண்பகலில், ரத்தக் கொதிப்பு மாத்திரை நாவில் கரையத் தொடங்க, கசப்பு என்னும் கடும்பகை தொண்டைக் கோட்டையை முற்றுகையிட, தம்ளர் ஏந்திய கையினராய்த் தண்ணீர்த் துறை நோக்கி விரைந்தார் வீரர். எதிர்த்திசையிலிருந்து, விக்கல் என்னும் முரசு இடைவிடாது அதிர, தானும் ஒரு தம்ளருடன் வந்து நின்றாள் கணக்கு எழுதும் தங்கை. இருவர் கண்ணும் ஒருசேரக் கேனின் அடியைக் கண்டன. அங்கே இருந்தது அந்த ஒரே தம்ளர் தண்ணீர்.

“குடிம்மா,” என்றார் அண்ணன், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி.

“ஐயோ, பெரியவங்க நீங்க… விக்… நிக்கும்போது நான் குடிக்கலாமா? நீங்க குடிங்கண்ணே.”

“தண்ணி குடிச்சாத்தான் விக்கல் நிக்கும்மா.”

“தண்ணி குடிச்சாத்தான்… விக்… மாத்திரையும் எறங்கும்ண்ணே.”

ஆகா! வாளொடு வாள் மோதிய போர்கள் உண்டு. உபசாரத்தோடு உபசாரம் மோதிய போர் எங்கள் பதிப்பகத்தில்தான் நடந்தது. முதலாளிகள் அத்தனை பேரும் வேலையைப் போட்டது போட்டபடி எழுந்துவந்து சூழ்ந்தோம். அட்டை வடிவமைப்பாளர் விக்கலின் பக்கம். பார்சல் கட்டுகிறவர் மாத்திரையின் பக்கம். நானோ யார் ஜெயித்தாலும் எனக்கு ஒரு வாய் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கசப்பு அண்ணனின் உச்சிக்கு ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. மாமியாரை நினைத்தார், பல்லைக் கடித்தார், பல்லுக்கிடையிலும் மாத்திரைதான் இருந்தது. பொறுக்கமாட்டாமல் குழாயைத் திறந்து, தம்ளரை நிரப்பி, மடமடவென்று குடித்துவிட்டார்.

கணக்குத் தங்கைக்கு அந்த அதிர்ச்சியில் விக்கலே நின்றுவிட்டது.

“சட்டம்னா சட்டம்ண்ணே,” என்றார் முன்னாள் உதவியாளர், கொஞ்சம் வருத்தமாகத்தான்.

அண்ணன் இஸ்திரிச் சட்டையின் கைகளை மடித்துவிட்டார். பழைய கேனை இறக்கி வைத்தார். நிலமகள் நெளிய, இடுப்பு எலும்புகள் ஒன்றையொன்று நலம் விசாரிக்க, மலையைப் பெயர்க்கும் மள்ளன்போல் குனிந்து புதுக்கேனின் கழுத்தைப் பற்றினார். முழங்கால் வரை வந்ததும் அவருக்கு ஒன்று உறைத்தது: இந்தப் பாரத்தைத்தான் ஒரு மனிதர் இத்தனை காலம் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டிருந்தார், நாம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. பதிப்பகத்தில் அத்தனை பேரும் முதலாளிகள் ஆதலால், ஆளாளுக்கு ஆணை பறந்தது. “இடது பக்கம் சாய்ங்க!” “முதுகை வளைக்காதீங்க!” “மூச்சைப் பிடிச்சுக்குங்க!” ஒரு கை கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை. கேன் தொந்தியில் ஏறித் தங்கியது, தொந்தியிலிருந்து மார்புக்கு ஏறியது, மார்பிலிருந்து ஓர் எம்பு எம்பியது. விண்ணும் மண்ணும் வியக்க, தலைகீழாய்த் திரும்பி, தன் பீடத்தில் தொப்பென்று அமர்ந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை!

கைதட்டல் கூரையைப் பிளந்தது. வியர்வை வழிய, ஒரு கையைக் கேன்மேல் வைத்து, தலைவர் முழங்கினார்: “கேளுங்க முதலாளிகளே! இன்னிக்கு எம் மாமியார் வந்து பார்த்தாலும் பார்க்கட்டும். தாகம்னு வந்த யாரும் இனிமே இந்தக் கம்பெனியில கடைசித் தம்ளரைக் கண்டு பயப்பட வேணாம். நாளையிலேருந்து கேனை நானே தூக்கறேன். குடிங்க, வயிறாரக் குடிங்க!”

எங்கள் கண்கள் கசிந்தன. அதுவரை வறண்டு கிடந்த தம்ளர்கள் எல்லாம் அணிவகுத்து நீண்டன. முதல் மரியாதையாகக் கணக்குத் தங்கை தன் தம்ளரைப் பிடித்துக் குழாயைத் திருகினாள், நன்றாகத் திருகினாள், குனிந்து பார்த்தாள்.

புதுக்கேனின் மூடியை யாரும் கழற்றவில்லை.