பொதுச்சுவரில் கண்ணாடி நூல்

கூடலூர்,
ஆவணி, 1989

அன்பு மகன் செல்வமணிக்கு,

பெரியப்பா சீனிச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம் என்று போட்டுத்தான் ஆயுசு முழுக்கக் கடிதம் தொடங்கியிருக்கிறேன். உன் அப்பனுக்குக் கருமாதி முடித்த கையால் அந்த வரியை எழுத வரவில்லை. மாடுகூட நலமில்லை, காரணம் கீழே வருகிறது.

நீ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டாய். "வெளிச்சம் வரலன்னு தெரிஞ்சும் பெரியவரு வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தாக" என்று ஊரார் உன் காதில் போட்டது எனக்குத் தெரியும். உன் பாதி வீட்டை விற்றுவிட்டு அம்மாவையும் அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். விற்பதற்கு முன்னால் நடந்ததை என் வாயாலும் ஒருதரம் கேட்டுவிடு.

தாத்தா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்ட நாளிலிருந்து எனக்கும் உன் அப்பன் சின்னக்கருப்புக்கும் பேச்சில்லை என்பது நீ அறிந்ததுதான். ஆனால் பேச்சில்லை என்றால் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அர்த்தமில்லை, பொங்கல் கரும்பும் கிடாவெட்டுக் கறியும் கொல்லைச் சுவர்மேல் வைத்தால் அவரவர் எடுத்துக்கொள்வோம், யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்படி நிம்மதியாகப் பகைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொதுச்சுவரில் விரிசல் விழுந்தது. அவனுடைய மாவுமில் மோட்டார் ஆட்டுகிற ஆட்டத்தில் விழுந்தது என்றேன் நான். என் மாட்டுக்கொட்டத் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்கி விழுந்தது என்றான் அவன், என்னிடம் இல்லை, பிச்சைமணியிடம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பை ஓட்டிக்கொண்டு, எங்கள் இருவர் வசவையும் இங்கும் அங்கும் ஏற்றி இறக்கியவன் அவன்தான்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். மெட்ராசில் என்னதான் ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று கேட்டேன். "தலைமுடி கனத்துல கண்ணாடி நூல் பெரியப்பா. அதுக்குள்ள வெளிச்சத்தாலயே வரி வரியாப் போடுவோம். எல்லா நிறமும் உள்ள போகும், அந்த வரி ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பிரும். நூலை இம்மி இழுத்தாப் போதும், திரும்பி வர்ற நிறம் மாறிரும். அதை வச்சுப் பாலம் அசையுதா, அணை அசையுதான்னு கண்டுக்கிரலாம்" என்றாய். நூறு பேச்சைக் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புவதற்குக் கண்ணாடி எதற்கு, உன் அப்பன் போதுமே என்றேன். நீ சிரித்தாய். வரி போட்ட நூலுக்கு ஓர் அறை நிறைய மிஷின் வேண்டுமாம், ஆகவே எங்கள் சண்டைக்கு வெறும் நூலே போதும் என்று விரிசலின் குறுக்கே ஒட்டி, ஓட்டை வழியாக முனையை என் பக்கம் நீட்டினாய். அவன் பக்கத்தில் ஒரு சோப்பு டப்பாவில் டார்ச் பல்பும் பாட்டரிக் கட்டையும் சுவிட்சும். தினமும் மாலையில் அவன் சுவிட்சை அமுக்கவேண்டும், நான் முனையைப் பார்க்கவேண்டும், சுவர் நகர்ந்தால் நூல் அறுந்து வெளிச்சம் வராது, மில் ஓடிய நாளில் அறுந்தால் மில்லை நிறுத்துவது, ஓடாத நாளில் அறுந்தால் மாட்டுக்கொட்டத்தை மாற்றுவது என்று பஞ்சாயத்தும் சொல்லிவிட்டுப் போனாய்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் என் வீட்டில் விளக்கு கிடையாது. உன் பெரியம்மா இருளம்மாளை அடுப்பைக்கூட மூடச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பேன். கடுகளவு வெளிச்சம் வரும். வந்தால் எனக்கு எரிச்சல், ஏனென்றால் வழக்கு முடியவில்லை. பால் வாங்க வருகிற மொக்கம்மாள் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, சுவரில் சாமி கண் திறந்திருக்கிறது என்று நினைத்து, நான் இல்லாத நேரம் முனைக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று மாலை வெளிச்சம் சிவப்பாக வந்தது. இழுத்தால் நிறம் மாறும் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்காதா? சுவர் இழுத்துவிட்டது என்று தெருவுக்கு ஓடி, நாட்டாமையையும் கொத்தனாரையும் கூட்டிவந்து நிறுத்தினேன். உன் பெரியம்மா முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். வெள்ளையாக வந்தது. "ஏலே, எங்கண்ணனுக்குக் குங்குமம் வச்சு விட்டுட்டாகளா?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் உன் அப்பன் சிரித்த சிரிப்பு மில் சத்தத்தை மிஞ்சியது.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அடுத்த வாரம் ஒரு மாலை வெளிச்சமே வரவில்லை. அன்று ஊரில் கரண்ட் இல்லை, மில் ஓடவில்லை, உன் அம்மா உன் தங்கை பேறுகாலத்துக்காகப் போடிக்குப் போயிருந்தாள். முனையைத் துடைத்தேன், ஊதினேன், மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். நான் மறுபடியும் தெருவுக்கு ஓடட்டும் என்று வேண்டுமென்றே அமுக்காமல் இருக்கிறான் என்று முடிவுகட்டினேன். பெரியம்மா மட்டும், "என்னன்னு ஒரு எட்டுப் போய்ப் பாத்தா என்ன?" என்றாள். பாட்டரி தீர்ந்திருக்கும் என்று சொல்லி, புதுக்கட்டை இரண்டைக் கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் இரண்டும் சாரலில் நனைந்துகொண்டு அப்படியே இருந்தன.

அவன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சுவிட்சுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தான். ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து, வாய் கோணியிருந்தது. பிச்சைமணி ஜீப்பில் போட்டு மதுரைக்கு விரட்டினோம், தலை என் மடியில். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, நேத்து அமுக்க முடியல. வெளிச்சம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"அப்பச் சுவரு நிக்கிது."

அமுக்காத சுவிட்சுக்கு எங்கிருந்து வெளிச்சம் வரும்? இத்தனை வருசத்தில் என் பேச்சை அவன் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நம்பினானா, எனக்காக விட்டுக்கொடுத்தானா என்று கேட்க வாய்க்கவில்லை. கணவாய் இறங்கும்போது மடி கனத்துவிட்டது.

மகனே, ஊர் சொல்வது பொய்யில்லை. முந்தின மாலையே போயிருந்தால் பிழைத்திருப்பானோ என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன், பதில் தெரியவில்லை. ஆகவே வீட்டைத் தாராளமாக விற்றுக்கொள். பொதுச்சுவருக்கு என் கையெழுத்து வேண்டுமானால் காகிதத்தை அனுப்பு, படிக்காமல் போடுகிறேன். அம்மாவை அழைத்துப் போ. போகும்போது அந்த நூலையும் பிடுங்கிக்கொண்டு போய்விடு, இருட்டுகிற நேரத்தில் அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. மில் சத்தம் கேட்காமல் மாடு பால் இறக்கமாட்டேன் என்கிறது. அதையும் விற்றுவிடுகிறேன்.

உன் படிப்பும் உன் நூலும் அறுபடாமல் நீளட்டும். பெரியம்மா உனக்குத் திருநீறு மடித்து உள்ளே வைத்திருக்கிறாள், கடிதத்தைக் கவிழ்த்துப் பிரிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பனின் அண்ணன்,
சீனிச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடுவதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. பழக்கதோஷத்தில் கண் சுவருக்குப் போயிற்று. கடுகளவு வெளிச்சம். துடைத்துப் பார்த்தேன், குங்குமம் இல்லை. "அங்கன யாரு?" என்றேன். "நாந்தான் மாமா. தெரியுதா?" என்றாள் உன் அம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுப்புத்தாய் என் எதிரில் நின்று பேசியதில்லை, முறை அப்படி. நடுவில் சுவர் இருந்ததால் பேசிவிட்டாள் போலிருக்கிறது. "தெரியுதுத்தா" என்றேன். "அப்ப நான் மெட்ராசுக்கு வரலன்னு அவனுக்கு எழுதிருங்க. நான் போயிட்டா இதை யாரு அமுக்குறது?" என்றாள். ஆகவே மேலே நான் எழுதியதில் விற்பது, பிடுங்குவது, மாடு எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அடுத்த லீவுக்கு வரும்போது பாட்டரிக் கட்டை வாங்கி வா. அன்றைக்குக் கொல்லைச் சுவர்மேல் நான் வைத்த இரண்டைத்தான் எடுத்து உலர்த்திப் போட்டிருக்கிறாளாம், வெளிச்சம் கொஞ்சம் மங்கல்.