சக்கரம் போட்ட ‘வேண்டாம்’

கொம்பு முன்னால்தான் வரும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கையைப் பிடித்து அப்படித்தான் எழுத வைத்தார். தட்டச்சுப் பள்ளியிலும் முதலில் கொம்பு, பிறகுதான் எழுத்து. இதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஜீவன் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். ஆனால் கெட்ட பெயர் எனக்கு.

அப்போது என் மகள் மேகலா கைக்குழந்தை. குக்கர் விசில் அடித்தாலே உடம்பு தூக்கிப்போடும். (எனக்கும்தான். அதை யார் கேட்டார்கள்?) சிவகாசிப் பக்கம் வெடி இல்லாமல் காதுகுத்து நடக்காது. அதனால் மேகலாவின் காதுகுத்துப் பத்திரிகையின் அடியில் ‘வெடி வேண்டாம்’ என்று ஒரு வரி போடலாம் என்றேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊரே வெடியிலதான் கஞ்சி குடிக்கு. அதை வேண்டாம்னு அச்சடிக்கப் போறியாக்கும்?”

அச்சகத்தில் சொல்லி அந்த வரியை எடுக்க வைத்துவிடுவாரோ என்று பயந்து, நானே டைப் செய்வது என்று முடிவெடுத்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சி.டி.யில், உலக மொழிகள் எல்லாவற்றிலும் எழுதலாம் என்று ஒரு மென்பொருள் இருந்தது. எந்தெந்த எழுத்துரு வேண்டும் என்று கேட்டது. எதையாவது விட்டால் தப்பாகிவிடுமோ என்று கிரேக்கம், அரபு, தாய்லாந்து எல்லாவற்றையும் டிக் செய்தேன். (காதுகுத்துக்குக் கிரேக்கர்கள் வந்தால்?)

கிரேக்கம் ஒழுங்காக வந்தது. என் தாய்மொழிதான் வரவில்லை. கொம்பைத் தட்டியதும் அதன் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்து உட்கார்ந்தது. அப்புறம் ‘வ’ தட்டினால், அது அந்நியனைப் போலத் தள்ளி நின்றது. எழுத்தை முதலில் தட்டிவிட்டுக் கொம்பைத் தட்ட வேண்டுமாம்; பிற்பாடுதான் தெரிந்தது. இந்த ஞானத்தை யாரும் சி.டி. உறையில் எழுதி வைக்கவில்லை.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைத் திருப்பாமலே சொன்னார்: “அது ஸ்கிரீன்ல மட்டுந்தான் தெரியும். அச்சுல வராது.” மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். படித்தவர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

திருத்தங்கல் அச்சகத்துக்கு நான் அடித்ததோடு அந்த மென்பொருள் சி.டி.யையும் சேர்த்தே கொடுத்து, ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் மாற்றவில்லை. கட்டைப் பிரித்தால் பத்திரிகை முழுக்க வட்டங்கள். கோயிலில் வட்டம், பேத்தியில் வட்டம், மேகலாவில் வட்டம். அச்சகக்காரர் பூரித்துப்போய் நின்றார். “சக்கரம் டிசைன் நல்லா அமைஞ்சிருக்குக்கா. நம்ம ஊருக்கு ஏத்தாப்புல போட்டிருக்கீக.”

திரும்ப அடிக்க நேரமில்லை. வரியாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காதுகுத்து அன்று, தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி போர்மேனாக இருக்கும் என் அண்ணன், தாய்மாமன் சீரோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் இறக்கினார். உள்ளே முழுக்கத் தரைச்சக்கரம். பின்னாலேயே வந்த சொந்தக்காரர்கள் கையிலும் ஆளுக்கொரு பெட்டி.

“வெடி வேண்டாம்னு போட்டிருந்தேனேண்ணே” என்றேன்.

“ஆமா. அதான் வெடி கொண்டாரல. பத்திரிகை பூரா சக்கரத்தைப் போட்டு, அடியில வெடி வேண்டாம்னா என்னம்மா அர்த்தம்? சக்கரம் கொண்டாங்கன்னுதான?”

மாமியார் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கோயில் வாசலில் அம்புட்டுச் சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே மேகலா வீறிட்டாள். புகை அடங்கும்வரை அழுதாள். அழுது களைத்து அண்ணன் மடியில் தூங்கிப்போனாள். தூக்கத்திலேயே இரண்டு காதும் குத்தியாயிற்று. “எல்லாம் நம்ம சக்கரத்து மகிமை” என்று அண்ணன் இன்றுவரை பெருமையடிக்கிறார். என் வரியின் மகிமையை ஒருவரும் பேசுவதில்லை.

இப்போது மேகலா பள்ளிக்குப் போகிறாள். கொம்பை முதலில்தான் போடுகிறாள். வேண்டுமானால் அவள் நோட்டைப் பாருங்கள். ஆனால் சளி பிடித்திருக்கிறது, ஐஸ் வேண்டாம் என்று நான் சொன்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்கிறாள்: “சக்கரம் போட்ட வேண்டாமா, போடாத வேண்டாமாம்மா?”

போடாத வேண்டாம் என்கிறேன். அதற்குள் அவள் அப்பா வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.