கலப்பைப் பின்னோடு போன நிச்சயதார்த்தம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்னால் நான் பி.இ. மெக்கானிக்கல்.

என் நிச்சயதார்த்தத்துக்குப் புவனகிரியிலிருந்து பிச்சாவரம் பக்கம் போகவேண்டும். பத்தரைக்குள் தட்டு மாற்றவேண்டும், அப்புறம் ராகு காலம். பேசி வைத்த வேன் வரவில்லை. “எல்லாரும் நம்ம டிரெய்லர்ல ஏறுங்க, நான் ஓட்டறேன்” என்றேன். (மாப்பிள்ளையே ஓட்டினால் கெத்து என்று நினைப்பு!)

டிரெய்லரை டிராக்டரோடு மாட்டும் தடித்த இரும்புப் பின்னைக் காணோம். கலப்பையில் கிடந்த ஒல்லிப் பின்னை எடுத்தேன். ஓட்டை பெரிது, பின்னின் தலை சின்னது. விட்டால் கீழே விழுந்துவிடும். தலைக்குக் கீழே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கினேன்.

அத்தை மகன் குமார் குனிந்து பார்த்தான். “மச்சான், இது தாங்காதுடா.”

“இன்ஜினியரிங் படிச்சது நீயா, நானா?”

பெண் வீட்டை நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அதன்பிறகு டிராக்டர் பஞ்சு மாதிரி ஓடியது. அட, நமக்கு டிரைவிங் கைவந்துவிட்டதே என்று டிராக்டர் ஸ்பீக்கரில் பாட்டுச் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

பெண் வீட்டு வாசலில் மாமனார் மாலையோடு நின்றார். “வாங்க மாப்ள. அப்பா அம்மாலாம் எங்க?”

“இதோ, டிரெய்லர்ல...” என்று திரும்பிக் கை காட்டினேன். வெறும் ரோடுதான் இருந்தது.

பெண்ணின் அத்தை மோவாயில் கைவைத்து, “இன்னா சகுனம் இது! இந்தச் சம்பந்தம் வேணுமாண்ணா?” என்றார். மாமனார் கையிலிருந்த மாலையை நாற்காலியில் வைத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு!

அப்போது மணப்பெண் கலைச்செல்வி பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். டிராக்டர் வாடகைக்கு விடும் வீட்டுப் பெண் அவள். டிராக்டரின் பின்பக்கம் போய்க் குனிந்து, கிழிந்து தொங்கிய டியூபை இழுத்தாள்.

“சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை. கலப்பைப் பின்னுல டியூப சுத்தி டிரெய்லருக்குப் போட்டிருக்காரு.”

கொட்டகையிலிருந்து கட்டைவிரலைவிடத் தடியான பின் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “போயி அவுங்கள கூட்டிட்டு வாங்க. நிதானமா போங்க. பத்தரை தாண்டுனாலும் நான் எங்கயும் போவ மாட்டேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிராக்டர் புகை என்று சமாளித்தேன்.

இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், வைக்கோல் போரில் முட்டி நின்ற டிரெய்லரில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சீர்த்தட்டு வாழைப்பழத்தில் பாதியைத் தின்று முடித்திருந்தார்கள். “ஏண்டா, உன் நிச்சயத்துக்கு நாங்க வேணாமா?” என்றாள் அம்மா.

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாற்றினோம். தட்டில் பழம் குறைந்ததைப் பற்றி சகுனம் பார்த்த அத்தைகூடப் பேசவில்லை.

இன்று எங்களிடம் கார் இருக்கிறது. சிதம்பரம் போக ஸ்டார்ட் செய்தால் போதும், பின் சீட்டிலிருந்து மகள் கத்துவாள்: “அப்பா, நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம்!” பக்கத்தில் கலை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் ஒருமுறை எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவேன்.