திரு. நங்கை

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தவை மூன்று: நெருப்பு, சக்கரம், 'திரு'. நெருப்பு சோற்றைச் சமைத்தது. சக்கரம் கார் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஒரகடத்தைச் சமைத்தது. மனிதனை மனிதனாகச் சமைத்தது 'திரு'தான். சக்கரங்கள் எங்கள் பக்கத்தில் ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகின்றன. 'திரு' உற்பத்தியாகும் இடம் ஒன்றே ஒன்று: குடிமக்கள் கண்ணியச் சேவை மையம். அது எந்தச் சாலையில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற அலுவலகங்கள் பொறாமைப்படும்.

அங்கே 'ஒற்றைச் சாளர முறை' அமலில் இருக்கிறது. சாளரங்கள் ஏழு. ஒவ்வொன்றும் ஒற்றைதான்.

போன மாதக் கடைசி நாளில் நான் அங்கே போனது ஒரு கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட. மணமகள் கலைமதி, காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்பவர். மணமகன் திருமலை, பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாக ஒருவரும் பன்னிரண்டாவது ஆளாக மற்றவரும் ஏறியதில் பிறந்த காதல் அது. அந்த நெருக்கத்தில் ஒன்று சண்டை பிறக்கும், இல்லையென்றால் இது.

கலைமதி திருநங்கை. அதைச் சொல்லும் அடையாள அட்டை, கெஜட்டில் வந்த பெயர் மாற்றம், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொன்றாக இதே ஏழு சாளரங்களில் நின்று சேர்க்க அவருக்கு இரண்டு வருடம் நாலு மாதம் ஆனது. லீவு போட்ட நாட்கள் அறுபத்து மூன்று. தையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. ஆனாலும் திருமலை இன்னும் பிள்ளைப்பாக்கத்தில் ஏழு பேச்சிலர்களோடு ஓர் அறையில் படுத்திருந்தார். கலைமதி மறைமலை நகரில், லைனில் கூட வேலை பார்க்கும் காந்திமதி வீட்டில் இருந்தார்.

காரணம் ரகுபதி. அவர் முன்பு பிள்ளைப்பாக்கத்தில் நெல் போட்டவர். இப்போது அதே நிலத்தில் பதினெட்டு ரூம் போட்டிருக்கிறார். வாசலில் பலகை: 'பேச்சிலர் பின்பக்கம். ஃபேமிலி முன்பக்கம்.' முன்பக்கத்தில் சன்னல் உண்டு, சமையற்கட்டு உண்டு, தண்ணீரும் உண்டு. அதில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது.

"கல்யாணத்த நான்தான் கண்ணால பார்த்தேன், பாயசம் மூணு தபா வாங்கினேன். இல்லன்னு சொல்லல," என்றார் ரகுபதி. "ஆனா கண்ணு பார்த்தது பேப்பர் ஆவுமா தம்பி? ஒண்ணாந் தேதிக்குள்ள சர்டிபிகேட் காட்டு, சாவி உன்னுது. இல்லாங்காட்டி வூடு வேற ஃபேமிலிக்குப் போய்டும்."

நியாயமான மனிதர். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஒரு சாட்சியாகவும் வந்துவிட்டார். மூன்றாவது சாட்சி காந்திமதி.

மூன்றாம் சாளரத்தில் பதிவு அதிகாரி சந்திரம்மாள் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"மணமகன் திரு. திருமலை. சரி. மணமகள் திரு. நங்கை கலைமதி. ரெண்டு பக்கமும் 'திரு' கீதேம்மா?"

"அது திருநங்கை மேடம். சேர்த்துப் படிங்க," என்றார் கலைமதி.

"சேர்த்துப் படிக்க எனக்கு அதிகாரம் இல்ல. நடுவுல புள்ளி கீது. புள்ளி இருந்தா நிறுத்தணும்."

"திருநங்கையும் மணமகள்தான்னு கோர்ட்டே சொல்லிருக்கு மேடம்."

"நானும் அதைத்தான் சொல்றேன். திருநங்கைன்னா இந்த நிமிஷமே பதிவு பண்ணிடுவேன். ஆனா நீ திருநங்கை இல்லியே, திரு. நங்கையாச்சே! ஆமா, நங்கைன்றது யாரு, உங்க அப்பாவா?"

"அவங்க அப்பா பேரு சக்திகுமார் மேடம்," என்றார் திருமலை.

"அப்ப இனிஷியலும் தப்பு," என்று சந்திரம்மாள் குறித்துக்கொண்டார்.

புள்ளியின் பிறப்பிடம் ஆறாம் சாளரம். அங்கே கணினிப் பொறுப்பாளர் பாண்டுரங்கன் இருந்தார். அவருடைய மென்பொருளில் இரண்டு கட்டங்கள்: 'மரியாதை', 'பெயர்'. அட்டையில் 'திருநங்கை கலைமதி' என்று இருந்தது. பாண்டுரங்கன் மரியாதை தெரிந்தவர். 'திரு'வை மரியாதையில் போட்டார், மிச்சத்தைப் பெயரில் போட்டார். புள்ளியை மென்பொருளே வைத்துக்கொண்டது. மரியாதையில் 'திரு' விழுந்தால் பாலினத்தில் 'ஆண்' என்று தானாகவே விழும். இதற்கு 'தானியங்கிக் கண்ணியம்' என்று பெயர்.

"புள்ளிய எடுக்க பட்டன் இல்லம்மா," என்றார் அவர். "திருவ எடுத்தா புள்ளியும் கூடவே போய்டும். ஆனா ஒருத்தருக்குக் குடுத்த மரியாதைய நான் ஒருத்தனா எடுக்க முடியாது. மீட்டிங் போடணும்."

போட்டார்கள். 'மரியாதை நீக்கக் குழு'வின் அவசரக் கூட்டம் பன்னிரண்டு மணிக்குக் கூடியது. ஏழு சாளரங்களும் அடைக்கப்பட்டன. பஜ்ஜி வந்தது. ஐந்தாம் சாளரத்துக்காரர் ஒரு தத்துவ ஐயத்தை எழுப்பினார்: "அம்மா, நீ இப்ப ஆம்பளைன்னு எழுதறதா, பொம்பளைன்னு எழுதறதா?"

"கலைமதின்னு எழுதுங்க சார், மொதல்ல," என்றார் கலைமதி.

"வாயப் பாரு," என்றார் அவர், பாதி பஜ்ஜியோடு.

மூன்று மணிக்குத் தீர்மானம் நிறைவேறியது: மேற்படி விண்ணப்பத்தில் எங்கெல்லாம் 'திரு' உள்ளதோ, அங்கெல்லாம் நீக்கப்பட வேண்டியது. பாண்டுரங்கன் கடமை தவறாதவர். 'அனைத்தையும் மாற்று' என்ற பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தினார். தாள் வெளியே வந்தது.

'மண விண்ணப்பம். பொருள்: பெயர்த் த்தம். மணமகன்: மலை. பிறந்த ஊர்: ப்பெரும்புதூர். மணமகள்: நங்கை கலைமதி.'

"த்தம்னா இன்னாங்க?" என்று ரகுபதி என்னைக் கேட்டார்.

"திருத்தம்."

"வாயிலயே நுழையலியே!"

நான் பாலினக் கட்டத்தைக் காட்டினேன். கலைமதிக்கு நேராக 'பெண்' என்று இருந்தது. அறுபத்து மூன்று லீவு செய்யாததை ஒரு பட்டன் செய்திருந்தது. கலைமதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது முடிப்பதற்குள் காந்திமதி மேல் வரியைப் படித்துவிட்டார்.

"அடியே, உன் வூட்டுக்காரரும் பொண்ணாயிட்டாருடி!"

'திரு' இல்லாதவர் அனைவரும் பெண் என்பது மென்பொருளின் கொள்கை. அதில் அது யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. மணமகன் மலை, பெண்.

சந்திரம்மாள் தாளை மேசையில் வைத்தார். "காலைல ரெண்டு திரு. இப்ப ரெண்டு பொண்ணு. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும். நான் எதைத்தான் பதிவு பண்றது?"

திருமலை எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது. "மேடம், நான் ஆம்பளை."

எனக்குப் பகீரென்றது. இந்த வாக்கியத்தோடு இணைக்க வேண்டிய சான்றுகள் என்னென்ன என்று கலைமதியின் கோப்பைப் பார்த்து நான் அறிந்திருந்தேன். கலைமதிக்கு அது மனப்பாடம். அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனின் கையைப் பிடித்தார்.

"பயப்படாதய்யா. எந்த கவுன்ட்டருக்கு எத்தினி மணிக்குப் போவணும்னு எனக்கு அத்துப்படி. நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட். அப்புறம் டாக்டர் சர்டிபிகேட்டு. பேன்ட்ட கழட்டச் சொல்லுவாரு, கூச்சப்படாத. என்னையும் அப்படித்தான் சொன்னாரு. அப்புறம் கெஜட்டு. ஒரு ரெண்டு வருசம், ஓடிப்போய்டும்."

"ஐயய்யோ!" என்று பதறினார் சந்திரம்மாள். "அதெல்லாம் எதுக்கும்மா? அதான் அவரே சொல்றாரே!"

உடனே ஆறாம் சாளரத்துக்குப் போன் போனது. "யோவ் பாண்டுரங்கா, ஒரு ஆம்பளையப் போய் பொண்ணுன்னு போட்டுட்டியே, அவரு மனசு இன்னா பாடுபடும்? மொதல்ல மாத்துய்யா. எதுவும் கேக்காத, மாத்து!"

சுவர்க் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறேன்: மூன்று நாற்பதுக்கு ஆரம்பித்தது, மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. தாள் கேட்கவில்லை. போட்டோ கேட்கவில்லை. கூட்டம் கூட்டவில்லை. ஐந்தாம் சாளரத்துக்காரர் எழுந்து வந்து வருத்தம் தெரிவித்தார். திருமலைக்கு நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, 'திரு' வந்தது, கூடவே 'ஆண்' வந்தது. ஒரு குடிமகனின் சொல்லை இத்தனை வேகமாக நம்பும் அலுவலகம் உலகில் வேறு எங்காவது இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

சாட்சிகள் கையெழுத்துப் போட்டோம். சான்றிதழ் வந்தது. ரகுபதி அதை இரண்டு முறை படித்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, இடுப்பிலிருந்து சாவியை உருவித் திருமலையின் கையில் வைத்தார்.

"இப்பதான்பா நீ ஃபேமிலி."

எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரம்மாள் மலர்ந்த முகத்தோடு 'குடிமக்கள் கருத்துப் படிவ'த்தைக் கலைமதியிடம் நீட்டினார். "இன்னாம்மா, சந்தோஷந்தானே? ஏதாவது சொல்லணும்னா சொல்லு."

"ஒரே ஒரு டவுட்டு மேடம்," என்றார் கலைமதி. "அந்த 'அவரே சொல்றாரே' கவுன்ட்டரு எத்தினாவது சன்னல்? ரெண்டு வருசம் நாலு மாசமா ஏழு சன்னல்லயும் நின்னுகினு நானேதானே சொல்லிகினு இருந்தேன்?"