மெனு கார்டைப் பணயம் வைத்த படலம்

மூவுலகிலும் விளையும் மிளகாய் எதுவாயினும் அதை மென்று விழுங்கிவிட்டு மேலும் கேட்கும் நாவொன்று உண்டெனில், அது மெட்டுகுடா கணேஷ்குமாரின் நாவே, பிறிதில்லை. போவன்பள்ளிச் சந்தையில் பச்சைமிளகாய் மண்டி நடத்தும் ராமச்சந்திரனாரின் தவப்புதல்வன், மூட்டைகளினூடே தவழ்ந்தவன், மிளகாயின் நீளத்தைக் கண்டே அதன் உறைப்பை உரைக்கும் கழுகுக்கண்ணன், மூன்று அரியர்கள் ஒருசேர எதிர்த்து வந்தபோதும் உறக்கம் கலையாத திண்ணெஞ்சன். அவன் புகழ் வாழ்க!

அத்தகையோன் ஒரு சனிக்கிழமை நண்பகலில், கல்லூரித் தோழன் மனோஜும் தோழி பூர்ணாவும் இருமருங்கும் வர, மல்காஜ்கிரியில் செருப்புக்கடைக்கு மேல்மாடியில், பாங்காக்கில் பிறந்த மனைவி சமைக்க எட்வின் பரிமாறும், மாணவர் பணப்பைக்கு இதமான, ஆறே மேசை கொண்ட தாய்லாந்து உணவகத்தினுள் எழுந்தருளினான். மாதந்தோறும் மூவரும் கூடியுண்ணும் இவ்விருந்தில் எதை உண்பதென்று ஆணையிடும் மெனு கார்டு எனும் செங்கோல், முதலாமாண்டு தொட்டு அவன் கைவிட்டு அகன்றதில்லை.

மேசை நடுவே மிளகாய்த்தூள், வினிகர், மீன்சாறு, சர்க்கரை என நாற்படையும் நான்கு கிண்ணங்களில் அணிவகுத்து நின்றது. முதலில் வந்த நூடுல்ஸில் மனோஜ், அந்நாட்டார் வழக்கப்படி, ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவினான். கண்டான் கணேஷ்குமார், இடியேறென நகைத்தான்.

"சக்கரை போட்டுத் திங்கறதுக்கு, போய் கேசரி தின்னுடா! எட்வின் அண்ணே, எனக்கும் அதே நூடுல்ஸ். காரம் தூக்கலா!"

"நம்ம ஊர் காரமா தம்பி, எங்க வீட்டம்மா காரமா?"

"வீட்டம்மா காரம்தான்! தட்டு காலியாகறதுக்குள்ள தண்ணியோ சக்கரையோ தொட்டேன்னா, இந்த மெனு கார்டு இனிமே மனோஜுக்கு!"

"நக்கோ ரா, வேணாம்டா," என்று கெஞ்சினான் மனோஜ்.

"ஹவ், சரிதான், நான் சாட்சி," என்றாள் பூர்ணா.

வந்தது தட்டு. அதன்மேல் சுண்டுவிரல் நகத்தளவே நீண்ட செம்மிளகாய்கள் ஏழு. இப்பொடியர்களா எனக்குப் பகை என்று மண்டியில் பழகிய கண்ணால் அளந்து, இகழ்ந்து, ஏழையும் ஒரே வாயில் வாரிப் போட்டுக்கொண்டான்.

அந்தோ! நாவெனும் நன்னாட்டில் தீப்படை புகுந்து, கோட்டை கொத்தளங்களைக் கொளுத்தி, தொண்டையெனும் கணவாய் கடந்து உள்நாடு நோக்கி விரைந்தது. செவிமடல்கள் செங்காந்தளாய்ச் சிவந்தன. நாசியிரண்டும் அருவியாயின. கண்கள், ஆவணி மழையில் கரைமீறும் மூசி நதியாய்ப் பெருகின.

"டேய், அழறியா?" என்றாள் பூர்ணா.

"ஃபேன் காத்து."

இன்னும் முக்கால் தட்டு எஞ்சியிருந்தது. தண்ணீர் டம்ளரோ, முத்து முத்தாய் வியர்த்து, வா வாவென அழைக்கும் அரம்பையென நின்றது. மனோஜ் தன் நூடுல்ஸை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்; அந்த ஓசை ஒவ்வொன்றும் வெற்றிமுரசாய் அதிர, ராமச்சந்திரனார் மண்டியின் மானத்தைக் காப்பதா, மூன்றாண்டு ஆண்ட செங்கோலைக் காப்பதா, இவ்விரண்டுக்கும் உரிமை கொண்டாட உயிரொன்று வேண்டுமே, அதைக் காப்பதா என்று நெஞ்சம் மும்முனையாய்ப் பிளக்க, எண்டிசையும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, பூர்ணா போனில் கேமராவைத் திறக்க,

கணேஷ்குமார் மெனு கார்டை மனோஜ் பக்கம் தள்ளிவிட்டு, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டான்.